தலைகீழாய் எழுதிய நாரை

ஆவணிப் பௌர்ணமிக்கு இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன. மேற்றிசையில் கதிரவன் விட்டுச் சென்ற செம்மை மருதையாற்றின் நீரில் கரைந்துகொண்டிருக்க, உச்சி வானில் முற்றாத நிலவு மெல்ல ஒளி பெற்றுக்கொண்டிருந்தது. கூடடையும் பறவைகளின் ஆரவாரம் மேகலூர்க் கோட்டையின் மதில்களில் மோதி எதிரொலித்தது. அந்த அழகையெல்லாம் ஏறிட்டும் பாராமல், படித்துறையின் கடைசிப் படியில் ஒரு வீரன் மடிமீது வெள்ளைத் துணியை விரித்து, கையில் கரித்துண்டுடன் குனிந்திருந்தான்.

வாசகர்களே, அவன் பெயர் காடன். ஒரு மாதத்துக்கு முன்புவரை இதே துறையில் ஓடம் தள்ளியவன். பனையூரை ஆண்ட வேள் இளநாகர் ஆற்றைக் கடந்து மேகலூரைத் தாக்க வந்த அன்று, நடு ஆற்றில் அவருடைய படகைக் கவிழ்த்துக் கோட்டையைக் காத்தவன். மன்னர் வீரகண்டர் அகமகிழ்ந்து ஐந்து ஊர்களையும் துறையரையன் என்ற பட்டத்தையும் அவனுக்கு அளித்தார். பௌர்ணமியன்று கூடும் பேரவையில் மற்ற அரையர்களைப் போல் அவனும் தனக்கென்று ஒரு கொடியை உயர்த்த வேண்டும்; அதே உருவம் பொறித்த மோதிரத்தை அரசர் கையால் பெற வேண்டும்.

வாளுக்கு அஞ்சாதவன் அந்தக் கொடிக்கு அஞ்சினான். முதலில் மீனை எழுதினான். அது பாண்டியருக்கு உரியது என்று காவற்படைத் தலைவன் பதறிப்போய் அழித்தான். பிறகு சிங்கம் எழுதினான். நன்றாகத் தின்று கொழுத்த நாய் என்று வீரர்கள் சிரித்தார்கள். வேறு வழியின்றி மறுநாள் காலை அந்தத் துணியையும் எடுத்துக்கொண்டு சித்திரக்கூடத்துக்குப் போனான்.

அங்கே கொடிச்சீலை எழுதுபவர்களில் சேந்தி என்ற பெண்ணே கைதேர்ந்தவள் என்று பேர் பெற்றிருந்தாள். வடக்கே கோயில் திரைகள் எழுதும் குடியில் பிறந்தவள் என்று சொல்லிக்கொண்டு பதினைந்து நாட்களுக்கு முன்புதான் வந்து சேர்ந்திருந்தாள். ஓடம், பிறை, தாமரை, இரண்டு வாள், நடுவில் அந்தச் சிங்கம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருந்த துணியை அவள் சற்று நேரம் பார்த்தாள்.

"இது கொடியா, சந்தையா, அரையரே?" என்றாள்.

காடன் வெட்கத்துடன் சிரித்தான். அவளும் புன்னகைத்தாள், ஆனால் அந்தப் புன்னகை கண்கள் வரை எட்டவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

அன்று முதல் அவள் அவனுக்கு இலச்சினையின் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுத்தாள். பிறர் குலத்துக்கு உரிய உருவத்தை எடுக்கலாகாது. ஒரு கொடிக்கு ஓர் உருவம் போதும்; அது மூன்று அம்புத் தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கும் தெரிய வேண்டும், மோதிரத்தில் கட்டைவிரல் அகலத்தில் சுருங்கினாலும் தெரிய வேண்டும். வெளிர் நிறத்தின் மேல் வெளிர் நிறமும், இருண்ட நிறத்தின் மேல் இருண்ட நிறமும் நிற்காது. விலங்கானாலும் பறவையானாலும் கொடிமரத்தை நோக்கியே இருக்க வேண்டும். புறங்காட்டுவது தோல்வியின் குறி. இத்தனையும் கற்ற காடன் தூரிகை பிடித்தபோதெல்லாம் சாயத்தைச் சிந்தினான். அவள் கோபிக்காமல் துடைத்தாள்.

மூன்றாம் நாள், பிறந்தது முதல் அவன் கையை விட்டு அகலாத பொருள் எது என்று கேட்டாள். ஓடம் தள்ளும் கழி என்றான். அப்படிச் சொன்னபோதே அவன் முகம் வாடியது. அவள் காரணம் கேட்கவில்லை. அவுரிச் சாயத்தின் ஆழ்ந்த நீலத்தில் ஒற்றை வெள்ளைக் கழியை நிமிர்த்தி எழுதிக் காட்டினாள். எத்தனை எளிமை, எத்தனை கம்பீரம்! அன்று மாலை காடன் தன்னை அறியாமல் ஒரு கனவில் ஆழ்ந்தான். அந்தக் கொடி பறக்கும் வீட்டில், முற்றத்து வெயிலில் சீலைகளை உலர்த்தியபடி சேந்தி நின்றுகொண்டிருந்தாள்.

நான்காம் நாள் அமைச்சர் ஆலங்காட்டாரிடமிருந்து கட்டளை வந்தது. வென்றவன் கொடியில் தோற்றவன் இலச்சினை தலைகீழாகக் கிடக்க வேண்டும் என்பது மேகலூர் அவையின் மரபாம். கழியின் அடியில் பனையூரின் நாரை கவிழ்ந்து கிடக்கட்டும் என்று எழுதியிருந்தார். காடன் தயங்கித் தயங்கி அந்த ஓலையைச் சேந்தியிடம் கொடுத்தான்.

அவள் அதை இருமுறை படித்தாள். பிறகு சீலையின் முன் அமர்ந்து, மாதிரி எதையும் பாராமல், ஒரே மூச்சில் நாரையைத் தலைகீழாக எழுதி முடித்தாள். உச்சந்தலையில் இரண்டு இறகு, தூக்கிய வலக்கால், கழுத்தைச் சுற்றி நூல் போன்ற ஒரு கறுப்பு வளையம்.

அந்த வளையத்தைக் கண்டதும் காடன் ஓர் அடி பின்வாங்கினான். பனையூரின் கொடி அதன் தலைவரோடு ஆற்றில் மூழ்கிவிட்டது. அமைச்சரின் ஓலையிலும் நாரை என்ற ஒரு சொல்தான் இருந்தது. அந்தக் கறுப்பு வளையத்தை இக்கரையில் அருகிலிருந்து பார்த்தவன் அவன் ஒருவனே.

"நங்கையே, இந்த வளையம் உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தூரிகையைக் கழுவி வைத்தாள். "பனையூர் அரண்மனையில் கொடி எழுதுவது வேளின் மனைவியின் உரிமை. பத்து ஆண்டுகளாக நான்தான் எழுதினேன்" என்றாள். "வேளின் உடல் கிடைக்கவில்லை. அவர் முடிவை அறியவே மாறுபெயரில் வந்தேன். துறையரையரே, என் கணவர் எப்படி மாண்டார்?"

காடன் பொய் சொல்லியிருக்கலாம். வீரமரணம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஒரு மாதமாக அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் அதற்கு இடம் தரவில்லை.

"படகு கவிழ்ந்ததும் கவசம் அவரைக் கீழே இழுத்தது, தேவி. என் கழியின் நுனியைப் பற்றிக்கொண்டார். என் கண்களைப் பார்த்தார். இழுத்திருந்தால் சிறைப்பிடித்திருக்கலாம், உயிரோடு இருந்திருப்பார். நான் கழியைக் கைவிட்டேன்."

சீலை அறுக்கும் கத்தி அவள் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. அவள் அதை எடுத்தாள். காடன் விலகவில்லை, தலை குனிந்து நின்றான். நெடுநேரம் கழித்துக் கத்தி தரையில் விழுந்த ஓசை கேட்டது.

"உம்மைக் கொன்றால், அவர் எங்கே கிடக்கிறார் என்று யார் சொல்வார்?"

அதையும் அவன் மறைக்கவில்லை. படகு கவிழ்ந்த மூன்றாம் நாள் அக்கரை நாணல் வளைவில் உடல் ஒதுங்கியது. கோட்டைக்குத் தெரிந்தால் தலையை வாயிலில் தொங்கவிடுவார்கள் என்று அஞ்சி, ஒரு புன்னையின் அடியில் தன் கையாலேயே மண் தோண்டிப் புதைத்தான். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்று பொழுது சாயும் வேளையில் அவளைத் தன் ஓடத்திலேயே ஏற்றிச் சென்றான். துறையரையனைத் தடுக்கக் காவலர்களில் எவருக்கும் துணிவில்லை. புன்னையடியில் அவள் மண்ணில் முகம் பதித்து அழுத அழுகையை இங்கே விவரிக்க எனக்கு மனம் வரவில்லை, அன்பர்களே. காடன் நீரின் விளிம்பில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

எழுந்தபோது அவள் ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்திருந்தாள். அவன் கைகூப்பினான்.

"மன்னிப்பு என்னிடம் இல்லை, அரையரே. நீர் பொய் சொல்லவில்லை. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டு, நாணலை விலக்கிக்கொண்டு பனையூர்ப் பாதையில் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உண்மைப் பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்பது அவள் உருவம் மறைந்த பிறகுதான் காடனுக்கு உறைத்தது.

பௌர்ணமியன்று பேரவை கூடியது. அரையர்கள் ஒவ்வொருவராகக் கொடி உயர்த்தினார்கள். காடன் வெறுங்கையுடன் அரியணையின் முன் வந்து நின்றான். நடந்தது அனைத்தையும், பனையூர் வேளின் மனைவியைத் தானே அக்கரை சேர்த்ததையும் சொன்னான். அவை கொந்தளித்தது. அமைச்சர் அவன் தலையைக் கேட்டார். மன்னர் கையமர்த்தி, அவன் இன்னும் என்ன சொல்ல விரும்புகிறான் என்று கேட்டார்.

"பற்றியவர் கையிலிருந்து நழுவவிட்ட கழியை நான் கொடியில் ஏற்ற மாட்டேன், அரசே. என் உயிர் உள்ளவரை எனக்கென்று ஓர் இலச்சினை கொள்ள மாட்டேன். இது அந்த ஆற்றின் மேல் ஆணை."

வீரகண்டர் அரியணையிலிருந்து எழுந்தார். கோட்டையைக் காத்தவன் என்பதற்காக அவன் உயிரை மட்டும் விட்டுவைத்து, பட்டத்தையும் ஊர்களையும் பறித்து, இக்கரையில் அவன் காலடி படக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

காடன் அக்கரையில் குடிசை போட்டுக்கொண்டு, இக்கரையில் கால் வைக்காமலே மீண்டும் ஓடம் ஓட்டினான். ஓய்ந்த பொழுதுகளில் புன்னையடியில் ஒரு கல்லை நட்டு, உளி பிடித்துப் பழகாத கையால் நாரையைச் செதுக்கினான். இரண்டு மாதம் பிடித்தது. கால்கள் சற்றுக் கோணிப்போயின. ஆனால் பறவை நிமிர்ந்து நின்றது, கழுத்தில் வளையமும் இருந்தது. பனையூருக்குப் போகிறவர்கள் அந்த நடுகல்லுக்குப் பூ வைத்து வணங்குவார்கள். செதுக்கியவன் யார் என்று ஓடத்தில் ஏறியவர்கள் எப்போதாவது கேட்பதுண்டு.

யாரோ ஓர் ஓடக்காரன் என்பான். பெயரைக் கேட்டால், நீரின் ஓட்டத்தைப் பார்த்தபடி துடுப்பை வலிக்கத் தொடங்கிவிடுவான்.