கசக்காத மாத்திரை

கட்டிலின் தலைமாட்டில் மருந்துக்கடைக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். சன்னலோரத்து நாற்காலியில் அவளுடைய அண்ணன். வாசலில் நிலையில் சாய்ந்தபடி எதிர்வீட்டுத் தையற்கார அம்மா. கால்மாட்டில், முக்காலியின் நுனியில், மருந்துக்கடைக்காரர். நடுவே இரண்டு கம்பளிக்குள் அவருடைய மகள் சிட்டு மலேரியாக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் நீட்டிய மாத்திரையை வாங்கி வாயில் போட்டவள் தண்ணீர் கேட்கவில்லை. சப்பிச் சப்பி விழுங்கினாள். போன மழைக்காலத்தில் இதே மாத்திரைக்கு அவளை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

"பரவாயில்லையே மாப்பிள்ளை, மிட்டாய் மாதிரில்ல சப்புறா. கடையை இவகிட்டயே குடுத்துடலாம்," என்றார் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

"கசக்கவே இல்லப்பா," என்றாள் சிட்டு.

அவர் சமையலறைக்குப் போய், ஈரத் துணியும் மண்ணெண்ணெயும் கலந்து வாடை வீசிய இருட்டில், மிச்சமிருந்த மாத்திரையொன்றை நாக்கில் வைத்தார். கசப்பே இல்லை. வெறும் சாக்குக்கட்டி.

போன வாரம் மொத்தக்கடையில் இந்த மாத்திரை தீர்ந்திருந்தது. காய்ச்சல்காரர்கள் வாசலில் நிற்கையில் யாரோ ஒருவன் பைக்கில் பெட்டி கொண்டுவந்தான். பில் இல்லை. அட்டையில் எழுத்து மங்கலாக இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே வாங்கிவைத்தார். பழையதையும் புதியதையும் ஒரே டப்பாவில் போட்டு, கேட்டவருக்குக் கேட்ட அளவு அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தார். பேட்ச் நம்பர் உள்ள ஓரம் யாரிடமோ போய்விடும். எந்த வீட்டுக்கு எது போனது என்று இனி அவராலேயே சொல்ல முடியாது.

திரும்பி வந்து, குழந்தையை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொன்னார். ஏன் என்று மனைவி கேட்டதற்கு மூச்சு சரியில்லை என்றார். ஆட்டோ வந்தது. மச்சானும் மனைவியும் கம்பளியோடு அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள்; பின்னாலேயே வருவதாகச் சொல்லி அவர் நின்றுகொண்டார்.

தையற்கார அம்மா போகவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கும் உங்க மாத்திரைதான் குடுக்கிறேன் அண்ணே. இன்னும் காய்ச்சல் விடல. சரியாயிடும்ல?"

அவருடைய வாய் திறந்தது. சொன்னால் கடை போகும். பெயர் போகும்.

"ஆயிடும்மா," என்றார்.

அவள் நிம்மதியாகத் தெருவைக் கடந்தாள். அந்த வீட்டுக்குள் குளிர் நடுக்கத்தில் ஒரு கட்டில் தரையில் தட்டும் ஓசை. கட், கட், கட். பக்கத்து வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும். ஒரே தாளம்.

காதைப் பொத்திக்கொண்டு மேசையில் குனிந்தார். மருந்து ஆய்வாளர் அவர்களுக்கு, என்று தொடங்கி, பெட்டி வந்த விதம், விற்ற விதம் எல்லாவற்றையும் எழுதினார். கடிதம் போய்ச் சேர இரண்டு நாளாகும். எதிர்வீடு பத்தடி. அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. உறையை ஒட்டினார். ஓரத்தைக் கட்டைவிரலால் இருமுறை தேய்த்தார்.

இருட்டிய பிறகு உறையோடு நடந்தார்; தபால் பெட்டி அவர் கடையின் பக்கத்தில். தெருவிளக்கு எரியவில்லை. கட்டில்களின் ஓசை நின்றிருந்தது.

எல்லா வீட்டிலும்.

உறையைப் பெட்டியின் வாய்க்குள் நுழைத்தார். விடவில்லை. கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பூட்டிய ஷட்டருக்கு முன்னால் வரிசை. தலையோடு மூடிய கம்பளி. செருப்பில்லாத கால்கள். தையற்கார அம்மாவின் புருஷன். அவருக்குப் பின்னால் தெரு முழுக்க. யாரும் அவரைத் திட்டவில்லை. நடுக்கமும் இல்லை. பொறுமையாக, உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு.

வரிசையின் முதல் ஆள், இரண்டு கம்பளிக்குள், மிகவும் குட்டையாக இருந்தாள்.

விரல் தளர்ந்தது. கடிதம் உள்ளே விழுந்தது.