நிறம் மாறும் சிந்திரி

"கையை எடுங்க! இது என் குதிரை!"

ஸ்வாலா நிமிர்ந்து பார்த்தாள். அவள் பற்றியிருந்த அதே பிடரியின் மறுபக்கத்தில் ஓர் இளைஞனின் சேறு அப்பிய கை. அதற்கு மேலே, மழைக்கு முந்தைய கடலின் நிறத்தில் இரண்டு கண்கள்... கோபமான கண்கள். அழகானவையும்கூட. அதை ஒப்புக்கொள்ள இது நேரமில்லை.

கோடை முழுக்க மலையில் மேய்ந்த குதிரைகளை ஊருக்கு இறக்கும் நாள் அது. பெரிய வட்டப் பட்டிக்குள் நூற்றுக்கணக்கான குதிரைகள் முட்டி மோதின. அவரவர் தங்கள் குதிரையைப் பிடித்துத் தங்கள் தடுப்புக்குள் தள்ளினார்கள். பாதிப் பேர் பாடினார்கள். மீதிப் பேர் குடித்துவிட்டுப் பாடினார்கள். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள் ஸ்வாலா. இந்தக் குதிரையைக் கண்டதும் வேலியை எப்போது தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

"இவன் சிந்திரி. நான் ஸ்வாலா, இவனை வளர்த்தவ," என்றாள்.

"ஓஹோ... அப்ப சொல்லுங்க. பனிக்காலத்துல இவன் என்ன நிறம்?"

"கறுப்பு. வசந்தத்துல முடி கொட்டினா கிட்டத்தட்ட வெள்ளை. தலையும் காலும் மட்டும் எப்பவும் கறுப்பு. போதுமா, இல்ல இன்னும் பரீட்சை இருக்கா?"

அவன் பிடரியிலிருந்து கையை எடுத்தான். ஸ்வாலாவின் அப்பா பண்ணையை விற்றபோது சிந்திரியும் போனான். வெளிநாட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். இந்தத் தீவை விட்டுப் போன குதிரை திரும்பி வர முடியாது, சட்டம் அப்படி. செத்தவனுக்கு அழுவது போல அழுது முடித்திருந்தாள்.

"இவனை விமானத்துல ஏத்திட்டதா சொன்னாங்களே?"

"ஏத்தல," என்றான் அவன். "வயசாயிடுச்சுன்னு வாங்க வந்தவன் விட்டுட்டுப் போயிட்டான். நான் வாங்கிக்கிட்டேன். என் பேரு ஸ்டெய்னார்."

சிந்திரி கனைக்கவில்லை, கண்ணீர் விடவில்லை. அவள் இடது பாக்கெட்டுக்குள் மூக்கை நுழைத்து ரொட்டி தேடினான். ஸ்வாலா சத்தமாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"டேய் ஸ்டெய்னார்!" வேலி மேலிருந்து ஒரு கிழவர் கத்தினார். "பாத்துட்டே நிக்காத. அந்தப் பொண்ணையும் சேத்து உன் தடுப்புக்குள்ள தள்ளுடா!"

ஸ்டெய்னாரின் காது சிவந்தது. ஆனால் அடுத்து அவன் சொன்னதில் அவள் முகம் வெளுத்தது.

"நல்லா பாத்துக்கங்க... திங்கட்கிழமை இவனைச் சுட ஆள் வருது."

"என்னது? கொலைகாரா!"

"பனியில பட்டினி போட்டாதாங்க கொலை. வாயைத் திறந்து பாருங்க."

பார்த்தாள். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து வழவழத்திருந்தன. காய்ந்த புல்லை இவனால் இனி மெல்ல முடியாது. பண்ணையில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஆனாலும் கொலைகாரன் என்ற சொல்லைத் திரும்பப் பெற மனம் வரவில்லை. விறைத்துக்கொண்டு நின்றாள்.

அவன்தான் இறங்கி வந்தான். "வீடு வரைக்கும் ஓட்டிட்டுப் போகணும். இவன் மேல நீங்க ஏறுங்க... கடைசியா ஒரு தடவை."

ஏறினாள். அவ்வளவுதான்! கிழட்டு உடம்புக்குள் எங்கோ ஒளிந்திருந்த குட்டிக்குதிரை விழித்துக்கொண்டது. குலுங்காத அந்தத் தாள ஓட்டம்... கையில் கோப்பை இருந்தால் ஒரு துளி சிந்தாது. இருபுறமும் பிர்ச் மரங்கள் மஞ்சளாய் எரிந்தன. சரிவு முழுக்கப் பழச்செடிகள் ரத்தச் சிவப்பு. உச்சியில் புதுப்பனி. காற்று கன்னத்தை அறைந்தது. "ஹோய்!" என்று கத்தினாள். பக்கத்தில் தன் குதிரையில் வந்த ஸ்டெய்னாரும் கத்தினான். யார் முதலில் சிரித்தது?

அவன் பண்ணை வாசலில் இறங்கியபோது அவளுக்கு மூச்சிரைத்தது. சிந்திரிக்கு இல்லை.

"ஊற வச்ச தீவனம் குடுத்தா இன்னும் ஒரு வருஷம் ஓடுவான்," என்றாள்.

"தெரியும். ஒரு நாளைக்கு நாலு வேளை குடுக்கணும். எங்கிட்ட ஆடு முந்நூறு... நான் ஒரே ஆளு."

"நான் குடுக்கறேன்."

"குளிர்காலம் முழுக்கவா? இங்க ரோடே மூடிடும். சமைக்கத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கு?"

"ஆட்டுக்கறி சூப் மட்டும். தினமும் அதேதான்."

இருவரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு அவன் ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிறவன் போலப் பேசினான்.

"பட்டியில அப்படிக் கத்தினது... இவனைக் கொண்டு போயிடுவீங்களோன்னு பயந்துதான். வழியெல்லாம் வேற பயம். நீங்க போயிடுவீங்களோன்னு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. குதிரைக்காக மட்டும் இருக்க வேண்டாம்."

"நீங்க நீங்கன்னே சொல்லிட்டிருந்தா கண்டிப்பா போயிடுவேன்."

"இரு, ஸ்வாலா."

அவள் சிந்திரியின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள்... சிவந்தது தெரியக் கூடாதே!

"திங்கட்கிழமை வர்றவனுக்கு முதல்ல போன் போட்டு வேண்டாம்னு சொல்லு," என்றது பிடரிக்குள்ளிருந்து குரல். "அப்புறம் சொல்றேன்... எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்குன்னு."