குழாய் தின்ற ரொட்டி

நெருப்பும் ஈயமும் கையில் இருந்தால் தன்னால் ஒட்ட முடியாத குழாய் இந்த உலகத்திலேயே கிடையாது என்று மிலென்கோ மாமா அறிவித்தார். வால்யெவோ ஊரில், அக்கா வீட்டு நிலவறையில், ஏணிமேல் நின்று அறிவித்தார். அப்போது அவர் மூக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்காவின் பத்து வயது மகள் யகோதா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறந்து ஐந்தே நாளான தம்பியோடு அம்மா நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். குழந்தையைக் குளிப்பாட்ட வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இருந்த சொட்டெல்லாம் மாமாவின் மூக்கில்.

செம்புக் குழாயின் மூட்டில் பழைய ஈயம் விட்டுப்போயிருந்தது. மாமா மூட்டைக் கழற்றித் தேய்த்தார், பசை தடவி மாட்டினார், தீயைக் காட்டினார். உஸ்ஸென்று ஆவிதான் வந்தது.

"மெயின் வால்வு கிழடு. எவ்வளவு மூடினாலும் கசியுது. உள்ள ஈரம் இருந்தா சூடு ஏறாது. சூடு ஏறலைன்னா ஈயம் ஒட்டாது," என்றார்.

மூன்றாம் முறையும் உஸ்ஸ்.

யகோதா ரொட்டியும் நேற்றைய பீன்ஸ் சூப்பும் கொண்டுவந்தாள். ஒரு துண்டு ரொட்டி கைதவறி விழுந்தது. எடுத்து, வீட்டு வழக்கப்படி முத்தமிட்டுத் தட்டில் வைத்தாள்.

"ரொட்டிக்கு வலிச்சுதாமா? ஒரு கட்டும் போட்டுவிடு," என்றார் மாமா.

யகோதா ரொட்டியைச் சூப்பில் தோய்த்தாள். கிண்ணத்தில் இருந்த சூப்பில் பாதியைக் காணோம்.

"மாமா, குழாய்க்குள்ள கொஞ்சம் ரொட்டிய அடைச்சா என்ன? கசியற தண்ணிய அது குடிச்சுக்கும். அதுக்குள்ள நீங்க ஒட்டிடலாம். அப்புறம் ஊறித் தானா வெளிய வந்துடும்."

"இருபது வருஷமா குழாய் வேலை பாக்கறேன். எந்தக் குழாயும் எங்கிட்ட பசிக்குதுன்னு சொன்னதில்ல."

நான்காம் முறை. உஸ்ஸ். மணி மூன்றேகால்.

மாமா குழாயையே பார்த்தார்.

"அந்த ரொட்டி மிச்சம் இருக்கா?"

"பசிக்குதா மாமா?"

"எனக்கில்ல."

யகோதா ஓரத்தைப் பிய்த்துவிட்டு, மெத்தென்ற நடுப்பகுதியை உருட்டிக் கொடுத்தாள். மாமா அதைக் குழாய்க்குள் அடைத்துத் தீயைக் காட்டினார். ஈயம் உருகி, மூட்டைச் சுற்றி வெள்ளி மோதிரம் போல ஓடியது.

நான்கு மணிக்குக் குழாய் இருமியது. கொஞ்சம் ரொட்டிக்கூழைத் துப்பியது. பிறகு தெளிந்த தண்ணீராகக் கொட்டியது. அதைச் சுடவைத்துக் குளிப்பாட்டியபோது தம்பி வீடே அதிர அழுதான்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மாமா தன் கைத்திறமையை எல்லோருக்கும் விளக்கினார். ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையை வீசிய வேகத்தில் தட்டிலிருந்து ஒரு துண்டு கீழே விழுந்தது.

மாமா குனிந்து எடுத்தார். இடமும் வலமும் பார்த்தார். பிறகு அதற்கு மெதுவாக ஒரு முத்தம் கொடுத்தார்.

யகோதா சட்டென்று தம்பி பக்கம் திரும்பிக்கொண்டாள்.