பின்பாரம்

“எந்த வலைக்கு?” என்று கேட்டாள் நாகலெட்சுமி, தலையைத் தூக்காமலே.

“வலைக்கு இல்லங்க.”

“அப்போ தூண்டிலுக்கா?”

“அதுக்கும் இல்ல... ஈயம் வேணும். கொஞ்சமா.”

நிமிர்ந்தாள். மீன்வலைக் கடை வாசலில் ஒருவன் மழையோடு நின்றான். சிவப்புக் கோட்டு. தோளில் மஞ்சள் குஞ்சம். தலை சொட்டியது. கையிலிருந்த நீளப் பெட்டி மட்டும் பிளாஸ்டிக் சாக்குக்குள் நனையாமல் இருந்தது. கண்கள்... கண்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் பார்த்துவிட்டிருந்தாள்.

“கொஞ்சமால்லாம் தர்றதில்ல. கிலோக் கணக்குத்தான்.”

“கிலோவை வெச்சுக்கிட்டு நான் என்ன, கடலுக்கா போகப் போறேன்?”

“இந்தக் கடைக்கு வர்றவுக எல்லாரும் கடலுக்குத்தான் போறாக.”

அவன் பெட்டியைத் திறந்தான். நீண்ட பித்தளைக் குழல். முன்பாதியை இழுத்தால் நீண்டது. தள்ளினால் சுருங்கியது.

“ட்ராம்போன். நான் காளீஸ்வரன். திருவிழாவுக்கு வந்திருக்கிற பேண்டு செட்டு. இது எங்க மாஸ்டர் பிறக்குறதுக்கு முன்னால செஞ்சதுங்க. சத்தம் தேன் மாதிரி. ஆனா முன்னால இழுக்குது. இடது கை செத்துப்போகுது.”

“முன்பாரம்.”

“என்னது?”

“வண்டியில முன்னால சுமை கூடுனா மாட்டுக் கழுத்துல உக்காரும். பின்னால ஏத்தணும். எங்க ஊரு நயினார்கோவில் பக்கம். அங்கன இது தெரியாம யாரும் வண்டியில கை வைக்க மாட்டாக.”

“அதேதாங்க! புதுசுல கம்பெனிக்காரனே பின்னால எடை வெச்சுடுறான். இதுல இல்ல.”

“எந்த இடத்துல பிடிப்பீக?”

காட்டினான். அந்த இடத்தைத் தன் விரலில் தாங்கினாள். குழல் மூக்குக் குப்புறச் சாய்ந்தது. அவன் காதுக்குப் பின்னால் போகும் வளைவில் ஈயக்குண்டுகளைக் கோத்துக் கட்டினாள். அவன் ஊதினான். குண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன.

“பாட்டுக்குக் கொலுசு கட்டிட்டீங்க...”

அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். குண்டுகளை அவிழ்த்து, சுத்தியலால் தகடாகத் தட்டினாள். பித்தளை கீறாமல் துணி சுற்றி, வளைவின் குறுக்குக் கம்பியில் தகட்டை மடித்து, மேலே கறுப்பு டேப் ஒட்டினாள். மறுபடி விரலில் தாங்கினாள். குழல் அசையாமல் படுத்துக் கிடந்தது.

“நிக்குது,” என்றாள்.

அவன் குழலைப் பார்க்கவில்லை.

“சாயங்காலம் ஊர்வலம். வந்து பாருங்க... கேளுங்க,” என்று திருத்திக்கொண்டான்.

போனாள். பூ வாங்கப் போவதாக வீட்டில் சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவன் ஊதினான். தெரு முழுக்க அந்தச் சத்தம் பரவியது... அவளுக்குள்ளும். பாட்டு முடிந்தது. அவன் குழலின் முன்பக்கத்தை, தனக்கு முன்னால் நின்ற கிளாரினெட்காரியின் தோளில் வைத்தான். கேட்காமலே வைத்தான். அவளும் திரும்பிப் பார்க்காமலே தாங்கிக்கொண்டாள்.

அந்தத் தோளில் ஒரு கைக்குட்டை மடித்து ஊசி குத்தியிருந்தது. இதற்காகவே.

கைக்குட்டையைத்தான் நாகலெட்சுமியால் பொறுக்க முடியவில்லை. தோள் எதேச்சையாக இருக்கலாம். கைக்குட்டை அப்படியா? யாரோ ஒருத்தி காலையில் நினைத்து, எடுத்து, மடித்துக் குத்தியிருக்கிறாள்... பூ வாங்காமலே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை அவனே வந்தான்.

“இன்னும் கொஞ்சம் எடை வேணும் போல இருக்குங்க.”

“அந்தக் கிளாரினெட்டு யாரு?”

“சிநேகா. நல்லா வாசிப்பா.”

நல்லா வாசிப்பாளா என்று அவள் கேட்கவே இல்லை.

சுத்தியலை எடுத்தாள். உள்ளேயிருந்து கடைக்காரர் மதார் பாய் குரல் கொடுத்தார். “ஏம்மா, ஈயத்தை அடிக்கிறியா, ஆளை அடிக்கிறியா?”

தகட்டுக்கு மேல் தகடு வைத்தாள். போதும் என்று கைக்குத் தெரிந்தது. அதற்கு மேலும் ஒன்று வைத்தாள். இனி இதுக்கு எவ தோளும் வேண்டாம்...

அன்று சாயங்காலம் பாட்டு முடிந்ததும் அவன் குழலைச் சிநேகாவின் தோளில் வைத்தான். அது நிற்கவில்லை. பின்பாரத்தில் முன்பக்கம் தானாக எழுந்தது. ஒரு நொடி நாகலெட்சுமிக்குத் திருவிழாவே தனக்காக நடப்பது போலிருந்தது. மறுநொடி குழலின் நுனி சீரியல் பல்பு வயரில் மாட்டியது. அவன் இழுத்தான். தெரு இருண்டது.

“ஏலே, என்ன மீனுடா மாட்டுச்சு?” என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் விசிலடித்தது. சிநேகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் மட்டும் குனிந்து நின்றான். அந்தக் குனிவைப் பார்த்ததும் நாகலெட்சுமிக்குச் சந்தோஷம் செத்துப்போனது.

காலையில் மழை. குழலை மேசையில் வைத்தான்.

“மாஸ்டர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பிட்டாரு. எடை தெரியாதவங்ககிட்ட ஏன் கொடுத்தேன்னு கேக்குறாரு.”

“எனக்கா எடை தெரியாது?”

“தெரிஞ்சா இப்படி வைப்பீங்களா?”

தெரியாது என்று சொல்லிவிடலாம். கடையோடு மானம் போகும், அவ்வளவுதான். தெரியும் என்றால்... ஏன் என்று கேட்பான்.

ஓட்டிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவன் பெட்டியை மூடினான். வாசல்வரை போய்விட்டான்.

“தெரிஞ்சுதான் வெச்சேன்!”

திரும்பினான். “ஏன்?”

“அந்தக் கைக்குட்டை...”

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது.

“முதல் நாள் வெச்சதே சரியாத்தாங்க இருந்துச்சு,” என்றான்.

“அப்புறம் ஏன் வந்தீக?”

“வேற என்ன சொல்லிட்டு வர்றது? வலையா வாங்க முடியும்?”

“சரியா இருந்தா அவ தோள் எதுக்கு?”

“பழக்கம்.”

“விட்டுருங்க.” குரல் உடைந்தது. “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வெறும் பித்தளைதான்... இருந்தாலும் இன்னொருத்தி தோள்ல அது சாய்ஞ்சா எனக்கு ஆகல.”

அவன் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து மதார் பாய், “நாகு! யாரும்மா அங்கன?” என்றார்.

“ஈயம் வாங்க வந்தவுக, பாய்!”

காளீஸ்வரன் உள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கும் ஆகலங்க.”

“என்ன ஆகல?”

“அவர் உங்களை நாகுன்னு கூப்பிடுறது.”

“அவருக்குப் பேரன் பேத்தி இருக்கு!”

“இருக்கட்டும்.”

அழுகையோடு சிரித்துவிட்டாள். “அப்போ... நீங்களும் கூப்பிடுங்க.”

வாயைத் திறந்தான். ஒரு தெருவையே மூச்சால் நிரப்புகிறவன். இரண்டு எழுத்துக்கு மூச்சு வரவில்லை. அவள் காத்திருந்தாள்.

“நாகு...”