ஏறிய நேரம்

பதினேழு பட்டைகளில் பதினாறு மேலே நின்றன. ஒன்று மட்டும் கோட்டுக்குக் கீழே தொங்கியது.

இந்துமதிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. சங்கு குளிப்பவர்கள் ஒவ்வொருவரும் தண்ணீருக்கடியில் எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று காட்டும் பட்டை வரைபடம் அது. நிமிடம் எப்படிப் பூஜ்யத்துக்குக் கீழே போகும்? ஆர் மொழியில் அவள் எழுதிய நிரலைக் காலையிலிருந்து திட்ட அதிகாரி ஸ்ரீப்ரியா மேடத்துக்காகத் திருத்திக்கொண்டிருந்தாள். நீலம் வேண்டாம் என்றார், பச்சையாக்கினாள். பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்றார், சாய்த்தாள். பட்டைகளை ஒல்லியாக்கச் சொன்னார், பிறகு பழையபடியே இருக்கட்டும் என்றார். ஐந்து மணிக்குள் படம் வராவிட்டால் வேலை நீட்டிப்புக்கு எழுத மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாடி அலுவலகத்தில் அவள் மட்டும்தான். கீழே சங்குக் கிடங்கு பூட்டியிருந்தது. ஆனாலும் அழுகிய சதையின் வாடை படிக்கட்டு வழியாக மெல்ல ஏறி வந்து மேசை விரிப்பிலும் அவள் துப்பட்டாவிலும் படிந்திருந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் இரைச்சல் அருகில் வந்து மறுபடி விலகியது.

எழுத்தளவை மாற்றி நிரலை ஓட்டினாள். தொங்கிய பட்டை கொஞ்சம் குட்டையாகியிருந்தது. நிறத்தை மாற்றி ஓட்டினாள். இன்னும் கொஞ்சம். அடியிலிருந்து யாரோ கயிறு பிடித்துக் கோட்டை நோக்கி ஏறுவதுபோல.

தரவைத் திறந்து பார்த்தாள். செந்தில்வேல். இறங்கிய நேரம் 3.55. ஏறிய நேரம் காலி. எடுத்த சங்கு, அதுவும் காலி. நேரம் காலியாக இருந்தால் இப்போதைய நேரத்தை எடுத்துக்கொள் என்று, போன மாதம் சோதனைக்காக அவளே எழுதிய வரி ஒன்று நிரலில் கிடந்தது. இப்போது மணி 3.43. அதனால்தான் கழித்தல் பன்னிரண்டு. தலையில் அடித்துக்கொண்டு அந்த வரியை நீக்கினாள். ஆளே படத்திலிருந்து மறைந்துவிட்டான். மேடம் கேட்டதோ பதினேழு பேர்.

தருவைகுளம் கரையில் இந்தத் தாள்களை எழுதும் பிளாரன்ஸ் அக்காவைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். அது போன மாதத் தாள் என்றும், அன்றைக்குத் தனக்குப் பதில் படகுக்காரர்களே எழுதினார்கள் என்றும் அக்கா சொன்னாள்.

“வெறுங்கையா ஏறுனவனுக்கு நேரம் எழுத மாட்டாவ, ஏளா. ராசி கெட்டுரும்பாவ. படிச்ச பிள்ள, ஒனக்குச் சிரிப்பாத்தான் இருக்கும்.”

“எனக்கு அழுகையா வருதுக்கா.”

படகு அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாக அக்கா சொன்னாள். இந்துமதி அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தாள். மேடத்திடமிருந்து மூன்று செய்திகள் வந்துவிட்டன.

மற்றவர்களின் சராசரி நாற்பது நிமிடம். 3.55-உடன் நாற்பது. ஏறிய நேரம் 4.35 என்று அடித்தாள். எடுத்த சங்கின் எண்ணிக்கை இல்லாமல் பட்டையின் தலையில் எண் வராது. பூஜ்யம் போட்டால் மேடம் கேள்வி கேட்பார். 1 என்று அடித்தாள்.

ஓட்டினாள். பதினேழு பச்சைப் பட்டைகள், ஒழுங்காக. காலையிலிருந்து முதல்முறையாக முதுகைச் சாய்த்தாள்.

அப்போதுதான் டீசல் வாடை வந்தது. ஒருமுறை படகில் போனபோது, குளிப்பவர்களுக்கு டீசல் இயந்திரம் மூச்சுக்காற்று அனுப்பும் ஓஸ் குழாயைச் சும்மா வாயில் வைத்துப் பார்த்திருக்கிறாள். புகையும் ரப்பரும் உப்பும் கலந்த அந்தக் காற்றின் சுவை இரண்டு நாள் நாக்கைவிட்டுப் போகவில்லை. அதே சுவை இப்போது நாக்கில் இருந்தது.

கீழே, பூட்டிய கிடங்குக்குப் பக்கத்தில், ஈரத் துணியைத் தரையில் அறைவதுபோல ஒரு சத்தம். சற்று இடைவெளி. மறுபடி. இந்தமுறை முதல் படியில்.

கைப்பேசி அடித்தது. பிளாரன்ஸ் அக்கா.

“இந்து, அவன் வெறுங்கையா ஏறலையாம். ஏறவே இல்லையாம்ளா. ஓஸு மட்டுந்தான் வந்துச்சாம். சங்குப் பையும் அவன் இடுப்போட போயிட்டு. வீட்டுல இன்னும் தாலி கழத்தல. அந்த எடத்துல ஒண்ணும் எழுதிராத, என்ன?”

இந்துமதி திரைக்குத் திரும்பினாள். 4.35-ஐ அழித்தாள். சேமித்தாள். ஓட்டினாள். பட்டை அங்கேயே நின்றது. 1-ஐ அழித்தாள். ஓட்டினாள். 1. தரவிலிருந்து செந்தில்வேலின் வரியையே நீக்கினாள். ஓட்டினாள்.

பதினேழு.

நான்காவது படி. ஐந்தாவது.

சுவர்க் கடிகாரத்தில் 4.33.

கதவுக்கடியில் தண்ணீர் நுழைந்தது. மெதுவாக. மணலோடு. நாற்காலிக் கால்வரை வந்து நின்றது. குளிர்.

கதவு தள்ளப்படவில்லை. திறந்திருந்தது.

வாசலில் நின்றவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான். தன் பட்டையை. அதன் தலையில் இருந்த 1-ஐ.

கைகளில் ஒன்றுமில்லை. இடுப்பிலிருந்து வலைப்பையை அவிழ்த்தான். ஒருமுறை உதறினான்.

காலி.

இரண்டு கைகளாலும் அதன் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு அவளை நோக்கிக் குனிந்தான்.

மணி 4.34.