மாமாவின் சமையல்மேல் விழுந்த பழி

எங்கள் தையல் கடையில் எனக்கு ஒரு பதவி உண்டு. சோப்பு மந்திரி. சிரிக்க வேண்டாம், பொறுப்பான பதவிதான்.

கறுப்புத் துணியை வெட்டுவதற்கு முன் அதில் கோடு போட வேண்டும். சாக்கட்டியால் போட்டால் தூசி ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. தேய்ந்து மெலிந்த சோப்புத் துண்டால் போட்டால் கோடு பளிச்சென்று தெரியும். அயர்ன் பெட்டியின் சூடு பட்டதும் மறைந்தும் போகும். அந்த மெல்லிய துண்டுகளைத் தேடிக் கொண்டுவந்து கொடுப்பதுதான் என் வேலை. பதவியை எனக்குக் கொடுத்தவர் கட்டிங் மாஸ்டர். பெரிய மேசையில் துணி வெட்டுபவர் அவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே கடை முழுக்கத் தேடுபவரும் அவர்தான்.

கடை என்பது எங்கள் வீட்டின் முன் அறைகள் இரண்டும். அம்மாதான் முதலாளி. சட்டைக்குப் பட்டன் துளை போடும் வேலைக்குக் காஜா என்று பெயர். அதைச் செய்பவர் காஜா அக்கா. துணி தேய்ப்பவர் அயர்ன் அண்ணன். அப்பா லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூரில் இருப்பார்.

அப்புறம் மாமா. அம்மாவின் தம்பி.

மாமா பார்க்காத வேலை இல்லை. போன் கடையில் இருந்தார், மூன்று மாதம். காவலாளியாக இருந்தார், தூங்கிவிட்டதால் பதினொரு நாள். கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து, கடையில் இருப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைக்க ஆரம்பித்தார். அங்கேதான் ஆச்சரியம். மாமாவின் கைக்குச் சமையல் அப்படி வந்தது! பருப்பு, காய், முட்டை என்று எதைச் செய்தாலும் மாஸ்டர் இரண்டாம் தடவை தட்டை நீட்டுவார்.

சமையலறைக்குள் மாமா போலீஸ் மாதிரி. யார் உள்ளே வந்தாலும், "கையக் காட்டு" என்பார். பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டாவது கை கழுவினால்தான் உள்ளே விடுவார். பசியோடு அங்கேயே சுற்றும் நான் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது கழுவ வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. அப்போதுதான் இசைக்குழு ஒன்று இருபது கறுப்புக் கோட்டு தைக்கச் சொல்லி வந்தது. இரண்டு வாரத்தில் கொடுக்க வேண்டும். கடையே பரபரத்தது.

அடுத்த வாரத் திங்கட்கிழமை, அயர்ன் அண்ணன் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினார். வந்தார். மறுபடி ஓடினார்.

"என்னாச்சு அண்ணா?"

"வயித்தால போகுது பாப்பா. கேள்வி கேட்டு நிறுத்தாத!"

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கும் அதே கதை. காஜா அக்கா வேலைக்கே வரவில்லை, தலைவலி என்று சொல்லி அனுப்பினார். புதன்கிழமை மாஸ்டர் பாதிக் கோட்டில் கத்தரிக்கோலை விட்டுவிட்டு ஓடினார். எங்கள் வீட்டில் ஒரே ஒரு கழிப்பறைதான். அதன் வாசலில் அயர்ன் அண்ணனும் மாஸ்டரும், "நீங்க முன்னாடி போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று மரியாதை காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. கன்னமெல்லாம் ஒட்டி, உதடு காய்ந்து கிடந்தது.

அம்மாவை மருத்துவமனைக்கு மாமாவும் நானும் அழைத்துப் போனோம். அங்கே இருந்த நர்ஸ் அம்மாவின் நாக்கைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த தூள் பாக்கெட்டுகளைக் கொடுத்தார்.

"கொதிக்க வச்சு ஆறின தண்ணியில ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட். கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருங்க. வெளிய போற தண்ணி உள்ள வரணும், அதான் முக்கியம். கூட இருக்கற வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"ஆமா, கடையில ஒண்ணா வேலை பாக்கற ரெண்டு பேருக்கு" என்றார் அம்மா.

"அப்போ ஏதோ ஒண்ணு எல்லாருக்கும் பொதுவா இருக்கு. சாப்பாடா இருக்கலாம், தண்ணியா இருக்கலாம், கையா இருக்கலாம். எதுன்னு பாருங்க."

நர்ஸ் மூன்று சொன்னார். கடைக்குத் திரும்பியதும் எல்லார் காதிலும் முதலாவது மட்டும்தான் ஏறியது.

"நான் அப்பவே நெனச்சேன்" என்று மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். "புதுக் கை. எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"சனிக்கிழமை முட்டை ஒரு மாதிரிதான் இருந்துச்சு" என்றார் அயர்ன் அண்ணன். அந்த முட்டையை மூன்று சாப்பிட்டவர் அவர்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் மாமாவுக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினார்.

"அக்கா, வெளியூர்ல ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில வேலை இருக்குன்னு ஃப்ரெண்டு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்."

"எதுக்குடா இப்போ..."

"என் சமையலால உனக்கே இப்படி ஆகுதுன்னா, நான் எதுக்கு இங்க?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமா போய்விட்டால் வீட்டில் பாட்டு இருக்காது, கேலி இருக்காது, பள்ளிவிட்டு வந்ததும் "என்ன கலெக்டரம்மா, இன்னைக்கு எத்தன திட்டு?" என்று கேட்க ஆள் இருக்காது. அதைவிட, அவருக்குப் பிடித்துப்போன ஒரே வேலையும் கையைவிட்டுப் போகிறதே!

வியாழக்கிழமை பள்ளி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான். நான் கடையின் அளவு நோட்டைத் திறந்தேன். அதில் மார்பு, இடுப்பு, கை நீளம் என்று மூன்று கட்டம் இருக்கும். மூன்றையும் அடித்துவிட்டு, சாப்பாடு, தண்ணீர், எத்தனை தடவை என்று எழுதினேன். முதலில் அம்மா. அம்மா பாய்மேல் படுத்தபடியே, "இதையெல்லாமா எழுதுவ?" என்று முறைத்தார். ஆனால் சொன்னார். ஒன்பது.

அன்று காஜா அக்கா வேலைக்கு வந்திருந்தார். அவர் மாமாவின் சமையலைத் தொட்டதே இல்லை. வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டிலிருந்தே டப்பாவில் கொண்டுவருவார். சோர்ந்துபோய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். உதடு அம்மாவுக்கு இருந்தது போலவே காய்ந்திருந்தது.

"தலைவலி எப்படி இருக்கு அக்கா?"

"பரவால்ல."

"தலைவலிக்கு எத்தன தடவ போனீங்க?"

"ஏழு..." என்றவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றார் அக்கா. "வீட்டுச் சாப்பாடு, வீட்டுச் சாப்பாடுன்னு இவ்ளோ நாளா பெருமையடிச்சுட்டேன். எனக்கும் வயித்தால போகுதுன்னா மாஸ்டர் கிண்டல் பண்ணியே கொன்னுடுவாரு."

மாமா சமைத்ததைச் சாப்பிடாத அக்காவுக்கும் வயிற்றுப்போக்கு. எல்லாரையும்விட அதிகம் சாப்பிட்ட மாமா கல் மாதிரி நிற்கிறார். எனக்கும் ஒன்றுமில்லை. அப்படியென்றால் சாப்பாடு இல்லை!

அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். தண்ணீர். மாமா தொண்டை கெட்டுவிடும் என்று சமையலறையில் கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் குடிப்பார். பாட்டுக்காரராம்! நான் என் பள்ளிப் பாட்டிலை விட்டு வேறெதிலும் குடிப்பதில்லை. மற்ற நான்கு பேரும் கடை மூலையில் இருக்கும் எவர்சில்வர் டிரம்மில் டம்ளரை முக்கிக் குடிப்பவர்கள்.

டிரம்முக்கும் சமையலறைக்கும் ஒரே குழாய்த் தண்ணீர். டிரம்முக்கு வந்த பிறகு அதில் என்ன விழுகிறது? வெட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாஸ்டர் கொல்லையிலிருந்து வந்தார். கழிப்பறைப் பக்கத்துக் குழாயில் கையை நனைத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். டம்ளரை எடுத்தார். டிரம்முக்குள் முக்கினார். டம்ளரோடு அவருடைய நாலு விரலும் தண்ணீருக்குள் போய் வந்தன.

நர்ஸ் சொன்ன மூன்றாவது எனக்கு நினைவு வந்தது.

"மாஸ்டர், சோப்புப் போட்டுக் கை கழுவலியா?"

"சோப்பா? எங்கம்மா இருக்கு சோப்பு?" மாஸ்டருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு வாரமா அந்தக் குழாய்ப் பக்கம் சோப்பே கண்ணுல படல. உங்கம்மா புதுசு வாங்கி வைக்கறாங்க, மறுநாள் காணோம். எந்தக் காக்கா தூக்கிட்டுப் போகுதோ!"

சொல்லிக்கொண்டே கறுப்புத் துணியின்மேல் குனிந்து ஒரு கோடு இழுத்தார். வெள்ளைக் கோடு. அவர் கையில் இருந்தது சோப்பு.

அந்தக் காக்கா நான்தான்.

இருபது கோட்டுக்குக் கோடு போட எத்தனை துண்டு வேண்டும்! தேய்ந்த சோப்பெல்லாம் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. குழாய்ப் பக்கம் அம்மா வைத்த புதுச் சோப்பைத் தையல் நூலால் மெல்லிய வில்லைகளாக அறுத்து மாஸ்டரின் டப்பாவில் போட்டேன். அது தீர்ந்ததும் இன்னொன்று. சோப்பு மந்திரிக்கு என்ன சுறுசுறுப்பு என்று எல்லாரும் பாராட்டினார்கள். யார் கையிலும் சோப்புப் படவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மா படுத்துக் கிடப்பது என்னால். பேசாமல் ஒரு புதுச் சோப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அது பொய் இல்லையே என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். மாமா தன் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

நேராகக் கடைக்கு நடுவில் போய் நின்றேன்.

"மாமா சமையலால இல்ல!" என்று கத்தினேன். அம்மாகூட எழுந்து வந்துவிட்டார். "சோப்பை எடுத்தது நான். கையில சோப்பு இல்ல, அந்தக் கை டிரம்முக்குள்ள போச்சு, அந்தத் தண்ணிய எல்லாரும் குடிச்சீங்க. மாமா குடிக்கல. நோட்டுல எழுதியிருக்கேன், பாருங்க."

நோட்டை விரித்து மாஸ்டரின் மேசைமேல் வைத்தேன்.

"ஆனா அவன் சமையலைச் சாப்பிட்ட எங்களுக்கு மட்டும்தானே வயித்தால போச்சு?" என்றார் மாஸ்டர்.

காஜா அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "எனக்கும்தான் மாஸ்டர். தலைவலியெல்லாம் சும்மா. ஏழு தடவ."

மாஸ்டர் அக்காவைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கடைசியில் தன் கையிலிருந்த சோப்பைப் பார்த்தார். அதை ஏதோ சூடான கரி மாதிரி மேசைமேல் போட்டார்.

"இவ்ளோ நேரம் இத கையில வச்சுக்கிட்டா தேடினேன்?"

முதலில் சிரித்தது அம்மா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, மறுபடி ஓடணும்" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றிருந்தது.

"கேக்காம எடுத்தது தப்புதான். தெரியுதா?"

"தெரியுதும்மா."

"வந்து சொன்னியே, அது போதும்" என்று என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார்.

மாஸ்டர் சமையலறை வாசலுக்குப் போனார். உள்ளே போகவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். "தம்பி, தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

மாமா பையை மூடாமல் அந்தக் கைகளையே பார்த்தார். "மொதல்ல கழுவிட்டு வாங்க மாஸ்டர். அப்புறம் பேசலாம்" என்றார்.

பிற்பகல் முழுக்க வேலை நடந்தது. டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்தோம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை நிரப்பி, மூடி போட்டு, நீளக் கைப்பிடி வைத்த கரண்டி ஒன்றைத் தொங்கவிட்டோம். விரல் நனையாமல் மொள்ளலாம். மீதித் துணியில் நானே ஒரு சின்னப் பை தைத்து, சோப்பை அதற்குள் போட்டு, குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். தையல் கோணல்தான். ஆனால் எந்தக் காக்காவாலும் தூக்க முடியாது.

அந்த மூன்று நாளும் எல்லாருக்கும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் குழைந்த சோறும்தான். கோட்டு ஒரு நாள் தாமதமாகும் என்று இசைக்குழுவுக்குச் சொல்லி அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. மாமாவின் பை மறுபடி அலமாரிக்கு மேல் ஏறிவிட்டது.

திங்கட்கிழமை மதியம் மாமா முழுச் சமையல் சமைத்தார். காலையிலிருந்தே அவர் பாடவில்லை. எல்லார் முன்னாலும் தட்டு வைத்தார், சோறு போட்டார், ஒரு ஓரமாக நின்றார்.

மாஸ்டர் தட்டைப் பார்த்தார். சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார். பின்னாலேயே அயர்ன் அண்ணன். அதற்குப் பின்னால் அம்மா.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "மறுபடியுமா?"

"கை கழுவ மறந்துட்டோம்!" என்று கொல்லையிலிருந்து மூன்று குரலும் ஒன்றாகக் கேட்டன.

திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். காஜா அக்கா தன் டப்பாவை மூடி ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு தட்டு" என்றார். மாஸ்டர் மூன்றாம் தடவை தட்டை நீட்டினார். அயர்ன் அண்ணன் பாத்திரத்தை வழித்தார். மாமா தனக்கென்று தட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது, சட்டியில் ஒரு பருக்கைகூட இல்லை.

"எனக்கு எங்க சாப்பாடு?" என்று கேட்டுவிட்டு, காலிச் சட்டியைக் கையில் பிடித்தபடி மாமா பாட ஆரம்பித்தார்.