தோல் கட்டிய மணி

சந்தை நாளன்று ஆல்டர்விக் சதுக்கத்தில் சுற்றுலாப் பேருந்து வந்து நின்றதும், தேவாலயத்தில் மணியடிக்கும் கிளெமென்ட் பர்டி வழக்கம்போல் தொப்பியைத் தூக்கி வரவேற்றார். தூண் மண்டபம், பாலாடைக்கட்டிக் கடைகள், பழைய தூக்குமரம் நின்ற முனை எல்லாம் காட்டி முடிப்பதற்குள் சதுப்பு நிலத்திலிருந்து மூடுபனி ஏறியது. முதலில் வாடைதான் வந்தது, அழுகிய நாணலும் சேறுமாக. வந்தவர்கள் சிரித்துக்கொண்டே தேநீர்க் கடைக்குள் ஒதுங்கினார்கள்.

பனி இறங்கினால் மணி அடித்தாக வேண்டும். சதுப்பைக் கடந்து வருகிறவர்களுக்கு அந்த ஓசைதான் வழிகாட்டி.

ஆப்பிள் விற்கும் ஏவிஸ் கூடையை மூடியபடி சொன்னாள்: "ஊரைச் சுத்திக் காட்டுனது போதும்யா, கயித்தப் பிடி. எம் பொண்ணு ரோசலிண்ட் சதுப்புப் பாதையில வந்துட்டிருக்கா. அப்பன் மாதிரி அவளுக்குக் காது மந்தமில்ல."

கிளெமென்ட் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

போன நவம்பரில், போரில் மாண்டவர்களின் நினைவு நாளுக்காக மணிநாக்கில் தோல் கட்டி ஓசையை அடக்கியவர் அவர்தான். மறுநாள் பனி இறங்கியது. தோலை அவிழ்க்க மறந்து கயிற்றை இழுத்தார். ஏவிஸின் கணவன் எட்வின் நாணலுக்குள் மூழ்கிப்போனான். காது மந்தம், மணி கேட்டிருக்காது என்றது ஊர். கிளெமென்டும் தலையாட்டினார். அன்றே தோலை அடுப்பில் போட்டு எரித்தும் விட்டார்.

இப்போது கோபுரத்துக்குள் போய்க் கயிற்றை இழுத்தார்.

தொப்.

ஈர மூட்டை விழுந்த சத்தம்.

ஏணியில் தடுமாறி ஏறினார். மணிநாக்கில் தோல் கட்டியிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து, சேற்று வாடையோடு. அதைப் பிய்த்துப் பையில் திணித்துக்கொண்டு இறங்கி மறுபடி இழுத்தார்.

தொப்.

பிடரியில் யாரோ குளிர்ந்த மூச்சு விட்டார்கள்.

"யாருக்குய்யா துக்க மணி அடிக்கிற?" வாசலில் ஏவிஸ் நின்றிருந்தாள். "எம் பொண்ணு அங்க இருக்கா."

இன்னொரு முறை இழுத்தார். அதே சத்தம். கயிற்றை விட்டுவிட்டார்.

"எட்வினுக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு, ஏவிஸ்," என்றார், சுவருக்குச் சொல்வதுபோல. "தோல அவுக்க மறந்தவன் நான்."

கணீர்.

மணி தானாகப் பேசியது. கணீர், கணீர் என்று பனியைக் கிழித்துக்கொண்டு போனது.

கொஞ்ச நேரத்தில் முழங்கால் வரை சேறோடு ரோசலிண்ட் ஓடி வந்தாள். "தண்ணியோரமா ஒருத்தர், பனியில முகந்தெரியல, என் கையப் பிடிச்சு நிறுத்தி வச்சிருந்தாரும்மா. மணி கேட்டப்புறந்தான் விட்டாரு."

மகளின் மணிக்கட்டில் இருந்த ஈர விரல் தடத்தை ஏவிஸ் தடவிப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்: "ஊரே அவரு காதப் பழிச்சுது. நீயும் தலையாட்டுன. எங்க அந்தத் தோலு?"

கிளெமென்ட் பைக்குள் கையை விட்டார். விரலில் ஒட்டியது ஈரச் சாம்பல்.

அவருக்குப் பின்னால் கயிறு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கை பிடிக்கும் இடத்தில் சுற்றியிருந்த கம்பளி, யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் நசுங்கி, அதிலிருந்து சதுப்புத் தண்ணீர் சொட்டியது.